தாம்ஹிணி மலைவழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொழுது விடிவதற்கு முன்பாகவே, புனே நகரின் மேற்கு எல்லையிலுள்ள சாந்தணி சௌக்கில் ஒரு மோட்டார் வண்டியினுள் அமர்ந்திருந்தேன். ரயில்வே குமாஸ்தாவுக்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வண்டி என்னுடையதன்று, என் மனைவியின் தம்பிக்குச் சொந்தமானது. நான் போனதும் உல்லாசத்திற்காக அன்று. தூது போனேன்.

என் மைத்துனன் ஹிஞ்சவடியில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கிறான். வயது முப்பத்தொன்று முடிந்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் ஆறரை லட்சம் ரூபாய் கொடுத்து இரண்டாம் கையாக ஒரு வோல்ஸ்வாகன் போலோ வண்டியை வாங்கினான். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த வண்டியை மாற்றியமைப்பதற்கென்று மேலும் இரண்டரை லட்சம் செலவழித்திருக்கிறான் என்பது தெரிந்தபோதுதான் வீட்டில் புகைச்சல் கிளம்பியது. அம்பாசமுத்திரத்திலிருந்து என் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்வி: “வண்டியை விற்றானா?” தென்காசியிலிருந்து ஜாதகம் அனுப்பியிருந்த பெண்ணின் தகப்பனார், “பையனுக்குக் கார்ப் பைத்தியம் என்று சொல்லுகிறார்களே, மெய்தானா?” என்று விசாரித்திருந்தார்.

“நீங்கள் சொன்னால் கேட்பான். ஒரு நாள் அவனோடு போய், அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பக்குவமாகப் பேசி விற்கச் செய்துவிட்டு வாருங்கள்” என்றாள் என் மனைவி. மறுக்க வழியில்லை. புறப்பட்டேன்.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெயரளவில் அது ஜெர்மானிய வண்டி. பிறந்ததோ புனேயிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சாகனில். அந்தத் தொழிற்சாலை 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் போலோ வண்டிகள் அங்கே உருவாகத் தொடங்கின. 2022ஆம் ஆண்டில் அந்த வண்டியின் உற்பத்தி இந்தியாவில் நின்றுபோயிற்று. இனிப் புதிதாகக் கிடைக்காது என்பதனாலேயே, வைத்திருப்பவர்கள் அதைக் குலதனம்போலக் காக்கிறார்கள். என் மைத்துனனுடையது 2013 முதல் விற்கப்பட்ட ‘ஜிடி டிஎஸ்ஐ’ என்னும் வகை. எஞ்சின் மிகச் சிறியது. 1197 கன சென்டிமீட்டர்தான். ஆயினும் அதிலிருந்து 105 குதிரைச் சக்தி வரும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 9.7 வினாடியில் எட்டும் என்று கம்பெனியார் கூறினர்.

இவ்வகை வண்டிகளுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரிலுள்ள தலைமைத் தொழிற்சாலையில், ஊழியர்கள் சிலர் அலுவலக நேரத்திற்கு வெளியே கூடி, மேலிடத்து உத்தரவு இல்லாமலே, சாதாரணக் குடும்ப வண்டியொன்றுக்கு வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். அதுவே 1975ஆம் ஆண்டில் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ‘கோல்ஃப் ஜிடிஐ’ என்ற பெயரில் அரங்கேறி, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 5,000 வண்டிகள் விற்றால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும் 4,60,000க்கு மேல் விற்றது. அதை வைத்திருந்தவர்கள் 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டு வோர்த்தர்ஸே ஏரிக்கரையில் ஒன்றுகூடினார்கள். அந்தக் கூட்டம் ஆண்டுதோறும் பெருகித் திருவிழாவாயிற்று. 1987ஆம் ஆண்டில் அவ்வூரில் அந்த வண்டிக்குக் கருங்கல்லில் சிலையே எழுப்பிவிட்டார்கள். ஆகவே, வேலை முடிந்த பிறகு நாலு பேர் கூடி வண்டியைக் குடைவது என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கமன்று. இந்த வண்டியின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம்.

இனி ‘மாற்றியமைத்தல்’ என்பது என்ன என்று பார்ப்போம். சாந்தணி சௌக்கில் மற்ற வண்டிகளுக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, என் மைத்துனன் எனக்குப் பாடம் நடத்தினான்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் போக வேண்டும், எந்தக் கணத்தில் பொறி தட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு சிறிய மின்னணுப் பெட்டி. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழன்று, அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரத்தின் மூலம் அதிகக் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும். இதற்கு டர்போ என்று பெயர். நம் ரயில்வே டீசல் ஷெட்டில் பழகியவர்களுக்கு இது புதிய சமாசாரமன்று. பலவகைப் பெட்ரோலும், பலவகை வெயிலும், எண்ணெய் மாற்ற மறக்கும் சொந்தக்காரர்களும் உள்ள உலகத்தில், தொழிற்சாலைக்காரர்கள் எஞ்சினின் முழுச் சக்தியையும் கொடுத்துவிடுவதில்லை. கொஞ்சம் கையிருப்பு வைக்கிறார்கள். இந்தப் பெட்டியிலுள்ள கணக்கைத் திருத்தி எழுதுகிறவர்கள் அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார்கள். 105ஆக இருந்த குதிரைச் சக்தி 130, 140 வரை ஏறும் என்று சொல்லுகிறார்கள். ஆனால் முறுக்கு விசையில் ஓர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். ஏனெனில் இந்த வண்டியின் ஏழு கியர் கொண்ட பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

“அப்படியானால் பெட்டியிலுள்ள கணக்கை மட்டும் திருத்தியதற்கு இரண்டரை லட்சமா?” என்று கேட்டேன்.

“இல்லை அத்தான். ஓட்டம் கூடினால் நிறுத்தமும் கூட வேண்டுமல்லவா?” என்றான்.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. வேகம் கூடியதால் முன்பக்கத்து பிரேக்கைப் பெரிதாக்கினான். பிரேக் பெரிதானதும் பழைய 15 அங்குலச் சக்கரம் அதன்மேல் உட்கார மறுத்தது. ஆகவே நான்கு சக்கரங்களையும் 17 அங்குலமாக்கினான். சக்கரம் பெரிதானாலும் டயரின் வெளி விட்டம் மாறலாகாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும். எனவே டயரின் கன்னத்தை மெல்லியதாக்க நேர்ந்தது. நான் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். பழைய டயரின் கன்னம் 111 மில்லிமீட்டர் உயரம். புதியதன் உயரம் 86. வெளி விட்டம் முன்பு 603 மில்லிமீட்டர், இப்போது 604. கணக்கு வெகு துல்லியம். ஆனால் பள்ளத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே மெத்தையாக இருந்த ரப்பரில் ஓர் அங்குலம் குறைந்துவிட்டது. வீட்டுக்கு வர்ணம் அடிக்கத் தொடங்கியவன், வர்ணத்துக்குப் பொருந்தவில்லை என்று கதவை மாற்றி, கதவுக்குப் பொருந்தவில்லை என்று சுவரையும் இடித்த கதை என் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. போதாக்குறைக்குப் புகைக்குழாயையும் மாற்றியிருந்தான். அதனால் சக்தி கூடிற்றோ என்னவோ, சத்தம் கூடியிருந்தது.

இதற்குள் பதினான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. இறங்கியவர்களைப் பார்த்ததும் என் மனத்திலிருந்த சித்திரம் கலைந்தது. தறுதலைப் பிள்ளைகளின் கும்பலை எதிர்பார்த்திருந்தேன். வந்திருந்தவர்கள்: மராத்திக்காரரான ஒரு பாங்கு அதிகாரி, உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் ஒரு சர்தார்ஜி, வங்காளி ஆசிரியர் ஒருவர், மருத்துவமனையில் பணிபுரியும் மலையாளி இளைஞர், தம் வண்டியைத் தாமே ஓட்டிவந்த பல் வைத்தியப் பெண்மணி ஒருவர். இவர்களுக்கெல்லாம் மூத்தவர், பிம்ப்ரியில் இயந்திரத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறுபத்தைந்து வயதுப் பெரியவர். எல்லோரும் அவரை ‘காகா’ என்று அழைத்தார்கள். மராத்தியில் சிற்றப்பா என்று பொருள்.

காகா எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து விதிகளைச் சொன்னார். மலைவழியில் ஒருவரை ஒருவர் முந்தலாகாது. பந்தயம் கிடையாது. மது அருந்தியவர் வண்டியைத் தொடலாகாது. முன் செல்லும் வண்டி, ஒவ்வொரு திருப்பத்திலும், பின்னால் வருவது கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி வண்டி கடைசியாகவே வர வேண்டும். வழியில் யார் நின்றாலும் அதுவும் நிற்க வேண்டும். எனக்கு இது மிகவும் பழகிய ஏற்பாடாகப் பட்டது. நம் ரயில்களில் முன்னே டிரைவர், பின்னே கார்டு; கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் ‘எல்.வி.’ என்ற பலகை. அது வந்து சேர்ந்தால்தான் முழு ரயிலும் வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். சாந்தணி சௌக்கின் பழைய பாலம் 2022ஆம் ஆண்டில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு, இப்போது மேம்பாலங்களும் கிளைச் சாலைகளும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து விடுபட்டுப் பிரங்குட், பௌட் ஊர்களைக் கடந்ததும் நகரத்தின் சாயல் அகன்றது. இருபுறமும் நெல் நாற்று நட்ட வயல்கள். முழங்கால் சேற்றில் பெண்கள் குனிந்து நின்று நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். தாமிரவருணிக் கரையில் பிறந்த எனக்கு அந்தக் காட்சி நெஞ்சைத் தொட்டது. மொழிதான் வேறு; சேறு ஒன்றுதான்.

முல்ஷி ஏரிக்கரையில் தேநீருக்காக நின்றோம். மழை மூட்டத்தில் ஏரியின் மறுகரை தெரியவில்லை. டாட்டா நிறுவனத்தார் பம்பாய்க்கு மின்சாரம் கொடுப்பதற்காகக் கட்டிய அணையில் தேங்கிய நீர் அது. கிழக்கே போக வேண்டிய நீரை மலையின் மேற்குச் சரிவில் இறக்கி, அடிவாரத்திலுள்ள பிரா என்னுமிடத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். நிலம் இழந்த குடியானவர்கள் 1921ஆம் ஆண்டில் சேனாபதி பாபட்டின் தலைமையில் இங்கே சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவர்களுடைய கிராமங்கள் நீருக்கடியில் இருக்கின்றன. இந்தத் தகவலை எனக்குச் சொன்னவர் பாங்கு அதிகாரி. அவருடைய பாட்டனார் வழி ஊரும் அவற்றுள் ஒன்றாம். சூடான வெங்காய பஜியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் எல்லோரும் நீரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்கப்பால் தாம்ஹிணி மலைவழி தொடங்குகிறது. சஹ்யாத்திரி மலையின் முகட்டிலிருந்து கொங்கணச் சமவெளிக்கு இறங்கும் பாதை இது. மழைக்காலத்தில் இங்கே பாறைதோறும் அருவி. மேகம் சாலையில் நடந்து போகிறது. அழகுக்குக் குறைவில்லை, ஆபத்துக்கும் குறைவில்லை. அருவியைக் கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டுக் குடிக்கவும் கூத்தாடவும் இறங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏராளம். எங்கள் வண்டிகள் ஒன்றின்பின் ஒன்றாக, மணிக்கு நாற்பதைத் தாண்டாமல், விளக்கேற்றிச் சென்றன. “இவ்வளவு செலவழித்தது இந்த வேகத்துக்குத்தானா?” என்று கேட்டேன். மைத்துனன் சிரித்தான். “வேகமாகப் போக முடியும் என்று தெரிந்தால் போதும் அத்தான், போக வேண்டியதில்லை” என்றான். எனக்கு அந்தப் பதில் அப்போது விளங்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ‘டங்’ என்றொரு சத்தம் கேட்டது. மழைநீர் நிறைந்த பள்ளம் சாலையோடு சாலையாகத் தெரிந்திருக்கிறது. முன்பக்கத்து இடது சக்கரம் அதில் விழுந்து எழுந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. என் மைத்துனன் பதறாமல் ஓரங்கட்டினான். இறங்கிப் பார்த்தால் டயரின் கன்னம் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. குறைந்துபோன அந்த ஓர் அங்குல ரப்பர் என் கண் முன்னால் நின்றது.

நின்ற இடம் திருப்பத்துக்குச் சற்று முன்னால். மழை கொட்டுகிறது. தொலைபேசிக்கு உயிரில்லை. ஆனால் இரண்டு நிமிஷத்துக்குள் நான் கண்ட காட்சியை மறக்க மாட்டேன். முன்னால் போனவர்கள் அகலமான இடம் பார்த்து வரிசையாக நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். கடைசி வண்டியின் சர்தார்ஜி பின்னாலிருந்த வளைவுக்கு அப்பால் நின்று, விளக்குகளை மின்னவிட்டார். தடம் மறிக்கப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது காப்பு என்பது ரயில்வேக்காரன் அறிந்த பாடம். பல் வைத்தியப் பெண்மணியிடம் ஒரு சிவப்புக் குடை இருந்தது. அதை வாங்கிக்கொண்டு நான் முன்பக்கத்துத் திருப்பத்தில் போய் நின்று, எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் அபாய சமிக்ஞை காட்டினேன். பதின்மூன்று வருஷ சர்வீஸில் கொடி பிடிக்காத குமாஸ்தா அன்று குடை பிடித்தேன். மலையாளி இளைஞர் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டபோது நான் முழுவதும் நனைந்திருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் அங்கே ஒரு சிக்கல். பின்னால் வைத்திருந்த ஸ்டெப்னி பழைய 15 அங்குலச் சக்கரம். அது முன்பக்கத்துப் பெரிய பிரேக்கின் மேல் ஏறாது. (ஸ்டெப்னி என்ற சொல்லை நாம் அன்றாடம் சொல்லுகிறோம். அது வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரில் ஒரு தெருவின் பெயர். 1904ஆம் ஆண்டில் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றவர்களால் உலகெங்கும் பரவியது. இன்று வழங்குவது பெரும்பாலும் நம் நாட்டில்தான்.) என் மைத்துனனின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டரை லட்சம் செலவழித்தவன் இந்த ஒன்றை யோசிக்கவில்லை.

காகா யோசித்திருந்தார். “முன்னால் ஏறாவிட்டால் பின்னால் ஏற்று. பின்னால் பழைய டிரம் பிரேக்தானே?” என்றார். பின்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டுவது, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுவது. இந்த வண்டியை இழுப்பது முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் தொடர்ந்து உருளுபவை மட்டுமே. வெளி விட்டமோ 603க்கு 604. நான் காலையில் போட்ட கணக்கு இங்கே உதவிற்று, தைரியமாகத் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு தடை. ஜெர்மானிய வண்டிகளில் சக்கரத்தை இறுக்குவது நட்டு அன்று, போல்ட். அலங்காரச் சக்கரங்களுக்காக வாங்கிய போல்ட்டுகள் நீளமானவை. மெல்லிய இரும்புச் சக்கரத்தில் அவற்றைப் போட்டால் முனை உள்ளே நீண்டு பிரேக்கை உரசும். பழைய போல்ட்டுகள் எங்கே என்று காகா கேட்டார். “வீட்டில், அலமாரியில்” என்றான் மைத்துனன். யாரும் சிரிக்கவில்லை. காகா தம் வண்டிக்குப் போய் ஒரு கித்தான் பையைக் கொண்டுவந்தார். உள்ளே எண்ணெய் தடவிய துணியில் ஐந்து போல்ட்டுகள். யாருக்காவது ஒரு நாள் வேண்டியிருக்கும் என்று ஒரு கட்டு அதிகமாக வாங்கி, ஆறு வருஷமாகச் சுமந்து வருகிறாராம்.

ஜாக்கி ஒருவருடையது, மற்றொரு ஜாக்கி மற்றொருவருடையது. பாங்கு அதிகாரி சேற்றில் மண்டியிட்டார். ஆசிரியர் குடை பிடித்தார். நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. மாணகாவில் காலைச் சிற்றுண்டி என்று திட்டம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினான்கு வண்டிகளும் புனேக்கே திரும்பின. எங்கள் வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாக.

“நீங்கள் என்னோடு வாருங்கள். அவன் வண்டியில் பாரம் குறையட்டும்” என்று காகா என்னை அழைத்துக்கொண்டார். பாரம் குறைப்பது ஒரு சாக்கு என்று பிறகு தெரிந்தது. அவருடையதும் அதே போலோதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. “நீங்கள் ஒன்றும் மாற்றவில்லையா?” என்று கேட்டேன். “எல்லாம் மாற்றினேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். மாட்டும்போது வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டேன், கழற்றும்போது அதைச் செய்தவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்” என்றார்.

இவரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று எண்ணி, நான் வந்த தூதை வெளியிட்டேன். தாயாரின் கவலையையும், பெண் வீட்டாரின் பேச்சையும், பணம் கரைவதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு, “2021 ஏப்ரலில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

சோலாப்பூரில் இருந்தேன். மாற்றலாகிப் புனேக்கு வந்தது 2023இல். அந்த ஏப்ரலில் மைத்துனன் தொலைபேசியில், “கொஞ்சம் ஜலதோஷம், சரியாகிவிட்டது” என்று தன் அக்காளிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

ஜலதோஷம் அன்று. கொரோனா இரண்டாம் அலையில் புனே நகரம் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் அலைந்த நாட்கள் அவை. அவனோடு அறையில் இருந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தனியாகப் பதினோரு நாள் படுத்துக் கிடந்திருக்கிறான். அந்த மலையாளி இளைஞர் பணி முடிந்து வரும் வழியில் தினமும் வந்து விரலில் கருவி மாட்டிப் பிராணவாயு அளவு பார்த்திருக்கிறார். சர்தார்ஜி பிராணவாயு தரும் இயந்திரம் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்து நான்கு நாள் வைத்திருக்கிறார். பல் வைத்தியப் பெண்மணியின் தாயார் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினார். காகாவின் மனைவி ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதானாம். “அக்காளுக்குச் சொன்னால் ஊரடங்கிலும் புறப்பட்டு வந்துவிடுவாள், அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, சொல்லாதீர்கள் என்று எங்களிடம் கையடித்து வாங்கிக்கொண்டான். நான் இன்று அந்த வாக்கை மீறிவிட்டேன்” என்றார் காகா.

நான் பதில் பேசவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் லோணாவளாவில் இரண்டாண்டு இருந்தேன். மும்பையிலிருந்து வரும் ரயில்கள் போர் மலைவழியில் 37 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் ஏற வேண்டும். 1863ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த வழியில், ரயிலை முன்னால் இழுக்கும் எஞ்சின் எவ்வளவு வலிமையுடையதாயினும், கர்ஜத்தில் பின்னால் உதவி எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளச் செய்வார்கள். அவற்றை பாங்கர் என்போம். லோணாவளா வந்ததும் அவை கழன்றுகொண்டு வந்த வழியே திரும்பிவிடும். உள்ளே உறங்கும் பிரயாணிக்குத் தன்னைத் தள்ளியது யார் என்பது தெரியாது. எங்கள் குடும்பமும் அப்படி உறங்கிய குடும்பமே என்று அன்று உணர்ந்தேன்.

மாலையில் மைத்துனனும் நானும் என் குடித்தன வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். விற்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் அன்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். நான் தெரிந்துகொண்டு போயிருந்ததை எடுத்து வைத்தேன். நம் பிள்ளைகளின் வீட்டிலும் இத்தகைய வண்டிகள் இருக்கக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் விதத்தில் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ்காரர் பணம் தர மறுக்கவும் இடமுண்டு.

“இன்று அந்தச் சக்கரம் சறுக்கி எதிரே வந்தவர் மேல் ஏறியிருந்தால், உன் காகாவின் பையில் அதற்குப் போல்ட் இருந்திருக்குமா, மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

அவன் தலை குனிந்திருந்தான். பிறகு, “சக்கரத்தையும் பிரேக்கையும் பழையபடி மாற்றிவிடுகிறேன் அத்தான். புகைக்குழாயையும் கழற்றிவிடுகிறேன். அந்த எஞ்சின் கணக்கு மட்டும்...” என்று இழுத்தான்.

“நிறுத்தம் பழையபடி ஆன பிறகு ஓட்டம் மட்டும் கூடுதலாக இருக்கலாமா? காலையில் நீயே சொன்ன நியாயம்தானே?” என்றேன்.

ஒரு மாதம் கழித்து அதையும் பழையபடி எழுதிக்கொண்டு வந்துவிட்டான். கழற்றிய சாமான்கள் பாதி விலைக்கும் போகவில்லை. அந்த நஷ்டத்தை அவன் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவில்லை. வண்டியை விற்கவில்லை, குழுவிலிருந்து விலகவும் இல்லை. சக்தி 105க்கு இறங்கிவிட்டவனைக் குழுவில் எவரும் ஏளனம் செய்யவில்லை என்பதையும் கவனித்தேன். மாறாக, கித்தான் பையில் ஐந்து போல்ட்டுகள் அவன் வண்டியிலும் இப்போது இருக்கின்றன.

என் மனைவியிடம் ஏப்ரல் மாதத்துச் செய்தியைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து வந்து, “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அவர்கள் புறப்பட்டபோது, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து பதினான்கு பேருக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். காகாவின் மனைவிக்கென்று ரசப்பொடி ஒரு டப்பா தனியாகப் போயிற்று.

அயலூரில் குடியேறிய நமக்கு நம் சங்கம் இருக்கிறது. பொங்கலும் பாரதி விழாவும் நம்மை ஒன்றுசேர்க்கின்றன. ஆயினும் நம் பிள்ளைகள் தனியாக நோயில் கிடக்கும்போது கதவைத் தட்டுகிறவர்கள் வேறு பாஷை பேசுகிறவர்களாகவும் இருக்கலாம். அவர்களை ஒன்றுசேர்த்த பொருள் நமக்கு அற்பமாகத் தோன்றும் ஓர் இரும்பு வண்டியாகவும் இருக்கலாம். பிள்ளையின் செலவைக் கணக்குக் கேட்பது பெரியோர் கடமை. அவனுடைய தோழர்கள் யார் என்று ஒரு நாள் உடன் போய்ப் பார்ப்பதும் கடமையே.

அம்பாசமுத்திரத்திலிருந்து சென்ற வெள்ளிக்கிழமையும் தொலைபேசி வந்தது. “வண்டியை விற்றானா?” என்று கேட்டார் மாமியார். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, “இல்லை அம்மா. அது இருக்கட்டும்” என்றாள்.